முற்றத்துப் பந்தலில் பன்னீர் திராட்சை

“பந்தல் முழுக்க இலைதான். மூணு வருஷமாச்சு, ஒரு கொத்துகூடக் காணோம். இப்போ தண்டிலே வெள்ளை வெள்ளையா மாவு மாதிரி அப்பிக்கிட்டிருக்கு. வயலுக்கு வாங்கின பூச்சிமருந்து அரை பாட்டில் மிச்சம் இருக்கு, அதையே அடிச்சிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். அடிக்கலாமா?”

கம்பம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அதனால் மருந்து விஷயத்தை முதலில் பேசிவிடுவோம்.

வேண்டாம் சகோதரி. வயலில் மருந்து அடித்தால், இத்தனை நாள் கழித்துத்தான் பழம் பறிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. வீட்டுப் பந்தலில் அந்தக் கணக்கு நடக்குமா? கைக்கு எட்டினால் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஊடுருவிவிடும். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் போகாது. மிச்ச பாட்டிலை வீட்டுக்குள் வைத்திருப்பதும் ஆபத்துதான். 2013 ஜூலையில் பீகாரில், சாரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. அந்த பாட்டிலைப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். காலியானபின் கழுவி வேறெதற்கும் எடுக்காதீர்கள்.

இனி கொடிக்கு வருவோம். காய்க்காததற்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. குளிர்நாடுகளில் திராட்சை குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் துளிர்த்துப் பூக்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு ஏது தூக்கம்? வருஷம் முழுக்க இலை விட்டுக்கொண்டே போகும். கத்தரி பட்டால்தான் பூக்கும். சுருளிப்பட்டி, கூடலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கவாத்து செய்வதைப் பார்த்திருப்பீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சை அப்படித்தான் காய்க்கிறது.

டிசம்பர், ஜனவரியில் ஒரு முறை, மே, ஜூனில் ஒரு முறை கவாத்து செய்யலாம். ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பென்சில் கனத்தில், பழுப்பாக முற்றிய குச்சிகளில் அடியிலிருந்து நான்கு கணு விட்டு மேலே வெட்டுங்கள். பச்சைக் குச்சியில் பழம் எதிர்பார்க்காதீர்கள். ‘ஐயோ, மொட்டையாப் போச்சே’ என்று மாமியார் சங்கடப்படுவார். நான்கு மாதத்தில் பழத்தைக் கையில் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம்! பந்தலில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழவேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் அடியில் குளமாக நின்றால் வேர் அழுகி இலை மஞ்சளாகும். அதை உரக்குறை என்று நினைத்து மேலும் மேலும் எரு கொட்டுகிறவர்கள் உண்டு.

அந்த வெள்ளை மாவு, மாவுப்பூச்சி. அது இருக்குமிடத்தில் எறும்பு வரிசையைத் தேடிப் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, கொடிக்குக் கொடி தூக்கியும் போகும். எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. அடித்தண்டிலும் பந்தல் கால்களிலும் பழைய துணியைச் சுற்றி, துணியின்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவவேண்டாம். தண்டில் உரிந்து தொங்கும் பட்டையைக் கையால் உரித்து எரித்துவிடுங்கள். பூச்சி ஒளிவதே அங்கேதான். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலத்தில், வாரம் ஒரு தரம் தெளியுங்கள்.

தெளிக்கும் முன் உற்றுப் பாருங்கள். பொறிவண்டில் ஒரு வகையின் புழுவும் இதேபோல் வெள்ளை நூல் நூலாகத்தான் இருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஊர்ந்தால் அது நம் கூட்டாளி. மாவுப்பூச்சியைத் தின்னும் பிராணி அது, தொடாதீர்கள்.

கவாத்து முடிந்து மொட்டு வீங்கும் சமயத்தில் மினுமினுக்கும் சின்ன வண்டு வந்து துளிரைக் குடையும். விடிகாலையில் பழைய குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக் கொடியை உலுக்கினால் பொலபொலவென்று விழும். சோப்புத் தண்ணீரில் கொட்டிவிடுங்கள்.

இலையிலும் காயிலும் சாம்பல் தூவியதுபோல் வந்தால் அது பூஞ்சை நோய், பூச்சி இல்லை. நெருக்கமான இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் செய்யுங்கள். அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 3 கிராம் கரைத்து, வெயில் ஏறுமுன் காலையில் தெளிக்கலாம். தெளிக்கிறவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அன்று முழுக்கக் குழந்தையைப் பந்தலடிக்கு விடவேண்டாம். காய் நிறம் மாறத் தொடங்கியதும் கந்தகத்தையும் நிறுத்திவிடுங்கள்.