மதிப்பீட்டில் இல்லாத ஒரு வரி

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்றார்கள் நம் முன்னோர். புதிதாக வெறுங்காணியில் வீடு கட்டுபவனின் பாட்டையே அவர்கள் நினைத்திருக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டை, அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே படுத்து, பிள்ளையைப் பரீட்சைக்கும் படிப்பித்துக்கொண்டு, ஒரு பக்கத்தால் இடித்து மறுபக்கத்தால் கட்டுபவனுக்கு அவர்கள் எந்தப் பழமொழியையும் விட்டுச்செல்லவில்லை. இன்று எங்கள் திருகோணமலையில் அதிகமாகக் காணக்கூடியவன் இந்த இரண்டாமவன்தான்.

பாலையூற்றின் ஒழுங்கைகளில் ஒருமுறை நடந்துவந்தால் நான் சொல்வது விளங்கும். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டு வாசலில் மணற்கும்பி கிடக்கும். பக்கத்தில் சல்லி. அதற்குப் பக்கத்தில், தறப்பாள் ஒன்றின் கீழ், ஒரு குடும்பத்தின் குசினி. கூரை கழற்றப்பட்ட அறைக்கும் குழந்தை தூங்கும் அறைக்கும் நடுவே ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கும். இவர்கள் ஏன் வேறிடம் போய் இருக்கவில்லை என்று வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. வாடகைக்குப் பணம் இல்லை என்பது முதற்காரணம். சீமெந்தையும் கம்பியையும் காவல் இல்லாமல் விட்டுப்போக முடியாது என்பது இரண்டாவது. வீட்டை விட்டு வெளியேறுவதென்றால் இந்த ஊர் மக்களுக்கு அடிவயிற்றில் ஒரு பயம் என்பது மூன்றாவது. இதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பலமுறை வெளியேறியவர்கள் அவர்கள்.

இந்நிலை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியது. அதற்கு முன்னரும் பின்னரும் யுத்தம். வடக்கு கிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டம் வந்தது. பிறகு 2012 இல் இந்திய வீடமைப்புத் திட்டம் பெரிய அளவில் தொடங்கியபோது புதுவீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாவும், சேதமடைந்த வீட்டைத் திருத்த இரண்டரை இலட்சம் ரூபாவும் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டன. பயனாளியே தன் வீட்டைக் கட்டுவது என்பது அத்திட்டத்தின் அடிப்படை. நல்ல கொள்கை. ஆனால் கட்டங்கட்டமாகப் பணம் வந்தால் வீடும் கட்டங்கட்டமாகத்தான் எழும். பின்னர் 2022 இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. ரூபாவின் பெறுமதி விழுந்தது. சீமெந்துப் பையின் விலை ஒன்றுக்கு இரண்டு மடங்காகி அதையும் தாண்டியது. மூன்று மாதத்தில் முடிக்க எண்ணித் தொடங்கிய திருத்த வேலைகள் மூன்று வருடங்களாக இழுபட்டன. ஆகவே திருத்த வேலை நடக்கும் வீட்டில் வாழ்வது இங்கே சில வாரத்துச் சிரமம் அன்று. அது பலருக்கு வாழ்க்கையின் ஒரு பருவமாகிவிட்டது.

என் முறைப்பாடு இதுதான். மேசன் பாஸ் எழுதித்தரும் மதிப்பீட்டில் சீமெந்து இத்தனை பை, மணல் இத்தனை கியூப், கம்பி இத்தனை என்று எல்லாம் இருக்கும். கூலியும் இருக்கும். ஆனால் அந்தக் கடதாசியில் வீட்டாருக்கென்று ஒரு வரியேனும் இருப்பதை நான் கண்டதில்லை. உதவி வழங்கிய நிறுவனங்களின் மதிப்பீட்டுப் படிவங்கள் பலவற்றைப் பத்திரிகைத் தொழிலின் பொருட்டுப் பார்த்திருக்கிறேன். அவற்றிலும் இல்லை. சுவருக்கு என்ன தேவை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுவருக்குள் மூச்சுவிடும் மனிதருக்கு என்ன தேவை என்று எவரும் கணக்கிடுவதில்லை.

அந்த வரியில் என்னென்ன எழுதப்பட வேண்டும்? எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கூரை. எங்கள் பகுதியில் பழைய கூரைகளில் பெரும்பகுதி அஸ்பெஸ்டஸ் சீற். அதைக் கழற்றும்போது அலவாங்கால் அடித்து உடைத்துக் கீழே தள்ளுவது வழக்கம். முழுதாக இருக்கும்வரை அந்தச் சீற் பெரும்பாலும் தன்பாட்டில் கிடக்கும். உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். அதனால்தான் இன்று தூசிக்குள் விளையாடும் பிள்ளையைப் பார்த்து நாம் பதறுவதில்லை.

அரசாங்கம் 2018 முதல் இந்தச் சீற்றைப் படிப்படியாக நிறுத்துவதெனத் தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை இடைநிறுத்தியது. உலகச் சந்தையில் அஸ்பெஸ்டஸை அதிகம் விற்பதும் அதே நாடுதான். இங்கே அஸ்பெஸ்டஸ் தடை ஒத்திவைக்கப்பட்டது. அங்கே தேயிலைக்கு வழி திறந்தது. வண்டு என்னவாயிற்று என்று எவரும் கேட்கவில்லை. ஆக, அரசாங்கம் நம் நுரையீரலைக் காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சீற்றைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்ட வேண்டும்; கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் வைக்கக்கூடாது. அன்றைக்காவது பிள்ளைகளையும் முதியவர்களையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இரண்டாவது, தூசி. சுவரை வெட்டும்போதும் கல் அரியும்போதும் எழும் தூசியில் நுண்ணிய சிலிக்கா உண்டு. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதற்குத் தடையே அன்று. என் 95 வகை முகக்கவசம் வேண்டும். கொரோனாக் காலத்தில் பழகிய பொருள்தான், கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அஸ்பெஸ்டஸ் கழற்றுபவருக்கு அதுவும் போதாது. அதனிலும் கூடிய தரத்து வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். படுக்கை அறை வாசலுக்குச் சேலைக்குப் பதிலாக, மேலும் கீழும் பக்கங்களும் ஒட்டுநாடாவால் ஒட்டிய தடித்த பொலித்தீன் வேண்டும். வாசற்படியில் ஈரச்சாக்கு ஒன்று. மாலையில் தும்புத்தடியால் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குசினியை இடித்துக் கட்டிய நாலு மாதத்தில், எல்லாவற்றையும்விட எங்களுக்கு உதவியது இந்த ஈரச்சாக்குத்தான் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். அதன் விலை பூச்சியம்.

சீமெந்துச் சாந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரச்சாந்து தோலை எரிக்கும் காரம் உடையது. வெறுங்காலோடு அதற்குள் ஓடும் பிள்ளைக்கு மாலையில்தான் எரிவு தெரியும். றப்பர் கையுறையும், காலுக்கு மூடிய சப்பாத்தும், கழுவுவதற்கெனத் தனியாக வைத்த ஒரு வாளி நல்ல தண்ணீரும் வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். பாதி கழற்றிய சுவரிலிருந்து வயரை இழுத்து, ஈர நிலத்தின் மேலால் கொண்டுபோய்க் கல் அரியும் இயந்திரத்துக்குக் கொடுக்கிறோம். வீட்டில் ட்ரிப் சுவிச் இருந்தால் உயிர் தப்பும். பல வீடுகளில் அது சுவரில் இருக்கிறதே தவிர, வேலை செய்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. அதிலே சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. வேலை தொடங்கும் காலையில் அதை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால், மின்னியலாளரை அழைத்துச் சரிபார்க்கும்வரை எதற்கும் கைவைக்க விடாதீர்கள்.

நான்காவது, தண்ணீர். பெயரிலேயே ஊற்றை வைத்திருக்கும் ஊர் இது. ஆனாலும் கோடையில் கட்டட வேலைக்குப் பரல்களில் தண்ணீர் நிரப்பித்தான் வைக்கிறோம். புதிய கொங்கிறீற்றின் மேல் பாத்தி கட்டி ஏழு நாளாவது தண்ணீர் விடுகிறோம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வருவதற்கும் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். கொங்கிறீற்று இறுகும் கணக்கும் நுளம்பு வளரும் கணக்கும் இப்படி ஒன்றாக அமைந்தது நமது துரதிர்ஷ்டம். 2017 இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அவ்வாண்டின் முற்பகுதியில் துறைமுகத்துக்குத் தெற்கே கிண்ணியாவில் நிகழ்ந்த மரணங்களை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பரலுக்கு வலைத்துணி மூடி, வாரம் ஒருமுறை உட்பக்கத்தைத் தேய்க்க ஒரு தும்புத்துண்டு, பாத்தித் தண்ணீருக்குப் பதிலாக நனைத்த சாக்கு. இவ்வளவே போதும்.

ஐந்தாவது, தற்காலிகக் குசினி. எரிவாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையோடு தங்கும். தூசிக்குப் பயந்து நாலுபக்கமும் பொலித்தீன் கட்டிய மூலையில் சிலிண்டரை வைப்பது, தூசியைத் தடுத்து நெருப்பை அழைப்பதாகும். 2021 இறுதியில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்து மக்கள் பட்டபாடு நினைவிருக்கும். சமையலைக் காற்றோட்டமான விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள்.

ஆறாவது, ஒரு ரங்குப்பெட்டி. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பெறுபேறுகள். எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி அதற்குள் வைத்துப் பூட்ட வேண்டும். கடலிடமும் யுத்தத்திடமும் கடதாசிகளைப் பறிகொடுத்து, ஒரு பிரதி எடுக்கக் கந்தோர் கந்தோராய் அலைந்த தலைமுறை இது. மிஞ்சியதை மேசனின் சாந்துக்கும் மழைக்கும் கொடுக்கலாமா?

மழை என்றதும் நினைவுக்கு வருவது காலம். எங்களுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைமழை. 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே, திரியாய் குச்சவெளிப் பக்கமாக. கூரையில் கைவைப்பதென்றால் ஆவணிக்கு முன்னர் முடித்துவிட வேண்டும். அக்காலத்தில் கச்சான் காற்றுத் தூசியை அள்ளிவரும் என்பது உண்மை. தூசிக்கு முகக்கவசம் உண்டு, புயலுக்கு இல்லை. எப்படியும் நல்ல தறப்பாள் ஒன்றும் கயிறும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். “பதுங்குகுழியிலும் அகதி முகாமிலும் கிடந்து வந்தவர்கள் நாங்கள், இந்தத் தூசியா எங்களைக் கொல்லப்போகிறது?” என்பார்கள். சகித்துப் பழகியதைப் பெருமையாக நினைப்பது எமக்கு யுத்தம் விட்டுச்சென்ற ஒரு குணம். தப்பிப்பிழைக்கக் கற்றவர்கள் நாம். அதைவிடச் சற்று மேலாக வாழவும் கற்றாக வேண்டும். அத்தோடு, இந்தச் சகிப்பின் சுமையை வீட்டில் யார் சுமக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். குடும்பத்தலைவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். நாள் முழுதும் தூசிக்குள் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும் கைக்குழந்தைகளும். அவர்களுக்கும் மேலாக ஒருவர் இருக்கிறார்: மேசன். நமக்கு இது நாலு மாதம். அவருக்கு வாழ்நாள் முழுதும். வாங்கும் முகக்கவசத்தில் முதலாவதை அவருக்குக் கொடுப்பதே நியாயம்.

பணம்? அதற்கும் நம்மிடமே வழி இருக்கிறது. எங்கள் ஊர்களில் செத்தவீடு நடந்தால் கதிரையும் பந்தலும் கிடாரமும் தனித்தனியே எவரும் வாங்குவதில்லை. மரண உதவிச் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ இரவலுக்கு எடுக்கிறோம். முடிந்ததும் கழுவிக் கொடுக்கிறோம். அதே களஞ்சியத்தில் இரண்டு நல்ல தறப்பாள், தடித்த பொலித்தீன் ஒரு சுருள், பாதுகாப்பான நீட்டு வயர் ஒன்று, வலைமூடியோடு பரல் இரண்டு, ரங்குப்பெட்டி ஒன்று ஏன் இருக்கக்கூடாது? சாவுக்கு ஒன்றுகூடும் ஊர், வீடு எழுப்பவும் ஒன்றுகூடலாம். முகக்கவசமும் கையுறையும் மட்டுமே அவரவர் வாங்கவேண்டியவை. வீடமைப்பு உதவி வழங்குவோரும் தங்கள் படிவத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். முழுச் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

கடைசியாக, ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்து இதை வாசிக்கும் உறவுகளுக்கு. ஊரிலுள்ள அம்மாவின் வீட்டைத் திருத்தப் பணம் அனுப்புகிறீர்கள். அது பெரிய காரியம். வாரம் ஒருமுறை அழைத்து, ரைல்ஸ் என்ன நிறம், வேலை எவ்வளவு தூரம் முடிந்தது, படம் அனுப்புங்கள் என்று கேட்கிறீர்கள். அடுத்தமுறை அழைக்கும்போது வேறு இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். இரவில் எங்கே படுக்கிறீர்கள்? எங்கே சமைக்கிறீர்கள்? பதில் வரச் சற்றுத் தாமதமானால், ரைல்ஸை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.