கறுப்புக் காரின் மெருகு

தெமட்டகொடையிலிருந்து குடும்பத் தலைவர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு அவர் வாங்கிய கார் கறுப்பு நிறமானது. ஞாயிறுதோறும் அவருடைய புதல்வர் இருவரும் அதனைக் கழுவித் துடைத்து வருகிறார்கள். ஆயினும் ஓராண்டு நிறைவதற்குள், வெயிலில் நிறுத்திப் பார்க்கும்போது, காரின் மேற்புறமெல்லாம் சிலந்தி வலை பின்னியது போன்ற கீறல்கள் தோன்றுகின்றனவாம். “பிள்ளைகள் அக்கறையின்றிக் கழுவுகிறார்களா, அல்லது வண்டியின் பூச்சே மட்டமானதா? இதனால் வீட்டில் வீண் மனவருத்தம் உண்டாகியிருக்கிறது” என்று அவர் கேட்கிறார்.

இரண்டும் அல்ல என்பதே நமது விடை. கறுப்புக் காரின் மெருகு பெரும்பாலும் கெடுவது, அதனை மிகுந்த அன்போடு அடிக்கடி தேய்த்துத் துடைப்பவர்களின் கையினால்தான். காரின் மேல் படிந்து கிடக்கும் தூசி தானாக எதனையும் கீறுவதில்லை. அதன் மேல் ஒரு துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போதுதான் கீறல் பிறக்கிறது. ஆதலின் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்கு முன், கழுவும் முறையைக் கற்றுக்கொடுப்பதே பெற்றோர் செய்யத்தக்கது.

கறுப்புக்கு மட்டும் ஏன் இந்தத் துன்பம்?

மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வெண்தாளில் வெண்கட்டியால் கோடு இழுத்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரும்பலகையில் இழுத்தால் தெளிவாகத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் கீறல்கள் உண்டு. ஆனால் வெள்ளைப் பரப்பு தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்வதனால், கீறல் சிதறும் ஒளி அதனுள் மறைந்துவிடுகிறது. கறுப்புப் பரப்போ ஒளியை விழுங்கிவிடுகிறது. அங்கே கீறலின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி மட்டும் தனித்து மின்னுகிறது. கீறல்கள் வட்டம் வட்டமாகத் தோன்றுவதும் ஒரு கண்மயக்கமே. அவை பல திசைகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் சூரியனின் ஒளியையோ விளக்கின் ஒளியையோ நம்மை நோக்கித் திருப்பக்கூடியவை மட்டும் நம் கண்ணில் படுவதால், அந்த ஒளியைச் சுற்றி வளையமிட்டது போலத் தெரிகின்றன.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. பழைய மொரிஸ் மைனர் காலத்துக் கார்களைப் பேணிய பாட்டனார்கள், “நன்றாக அழுத்தித் தேய், பளபளப்பு வரும்” என்று சொல்லிக்கொடுத்தார்கள். அக்காலத்தில் நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சிலே இருந்தன. தேய்த்த துணியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வரும்; அடியிலிருந்து புதிய கறுப்பு வெளிப்படும். 1980ஆம் ஆண்டுகளிலிருந்து பெரும்பாலான கார்களில் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற வேறொரு தெளிபூச்சு இடப்படுகிறது. மினுக்கம் முழுவதும் அந்த மேற்படையிலேயே இருக்கிறது. அதன் கனம் ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரோன். அதாவது நாம் எழுதும் தாளொன்றின் கனத்தில் பாதியளவுதான். அது தேய்ந்து போனால் மீண்டும் வளராது. பாட்டனார் காலத்து அறிவுரை அவருடைய காருக்குப் பொருத்தமானது. இன்றைய காருக்குப் பொருந்தாது.

நம் நாட்டில் இது சிறிய நட்டமும் அன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளில், உள்ள வண்டியைப் பேணிக் காப்பதன் அருமையை எல்லாக் குடும்பங்களும் உணர்ந்துகொண்டன.

தெமட்டகொடைத் தூசி

எந்த ஊரில் கார் நிற்கிறதோ அந்த ஊரின் தூசியையும் அறிந்திருத்தல் வேண்டும். பேஸ்லைன் வீதி வழியாகக் களனிப் பாலத்தை நோக்கி லொறிகளும் கொள்கலன் வண்டிகளும் இரவு பகலாகச் செல்கின்றன. அவை எழுப்பும் புழுதியில் மணல் உண்டு. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். அது கண்ணாடியையே கீறவல்லது. தெளிபூச்சு அதற்கு எம்மாத்திரம்? லொறிப் புகையின் கரியோ எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொள்வது.

தெமட்டகொடையில் புகையிரதப் பாதையும், எஞ்சின்கள் பராமரிக்கப்படும் கொட்டகையும் இருப்பதை யாவரும் அறிவர். புகையிரதம் பிரேக் பிடிக்கும்போது தேயும் இரும்பின் நுண்துகள்கள் காற்றில் பறந்து, பாதையருகே நிறுத்திய கார்களில் ஒட்டி, மழையில் கறள் பிடிக்கின்றன. கழுவிய பின்னரும் கையால் தடவும்போது பூச்சு சொரசொரப்பாகத் தோன்றினால், இத்துகள்கள் காரணமாயிருக்கலாம். அவற்றை நகத்தால் சுரண்டுதல் ஆகாது. இரும்புத் துகளைக் கரைப்பதற்கென்றே உள்ள திரவங்கள் கார்ச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன.

கழுவும் முறை

முதலாவது விதி, உலர்ந்த காரை ஒருபோதும் துடையாதிருத்தல். இறகுத் துடைப்பத்தால் தட்டுவது, பழைய சாரத் துண்டாலோ பனியனாலோ ஒரு தடவை இழுத்துவிடுவது ஆகிய இரண்டுமே கீறலுக்கு முதற்காரணம். காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் செய்யும் இந்த ஒரு நிமிடத் துடைப்பு, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படும் பாட்டை வீணாக்கிவிடும்.

இரண்டாவது, வெயிலில் கழுவாதிருத்தல். கறுப்பு வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சுவதால், சவர்க்கார நீர் கழுவி முடிக்குமுன்பே காய்ந்து கறையாகிவிடும். அதிகாலையோ மாலை நிழலோ ஏற்ற வேளை. பொனட்டின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தாங்கவில்லையென்றால் பொறுத்திருங்கள்.

பிறகு இரண்டு வாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் கழுவுவதற்குரிய சவர்க்கார நீர். மற்றொன்றில் வெறும் நீர். துணி துவைக்கும் சவர்க்காரத் தூள் காரமானது; கரையாத மணிகளும் அதில் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும். கார்ச் சவர்க்காரத்தின் பெரும்பயன் அதன் நுரையன்று, வழுக்கலே. அழுக்கு மணி பூச்சின் மேல் உராயாமல் வழுக்கிச் செல்ல அதுவே உதவுகிறது.

முதலில் வெறும் நீரைக் கூரையிலிருந்து கீழ்நோக்கி நன்றாக ஓடவிடுங்கள். றப்பர் குழாய் இருந்தால் நல்லது. அடுக்குமாடியில் வசிப்போரும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வசிப்போரும் பூச்செடிக்கு நீர் ஊற்றும் பூவாளியைக் கொண்டே இதனைச் செய்யலாம், நீரும் மிச்சமாகும். தளர்ந்த மணலும் புழுதியும் கை படாமலே இறங்கிவிடவேண்டும் என்பதே நோக்கம். இந்தப் படியில் காட்டும் பொறுமைதான் மற்ற எல்லாவற்றிலும் பெரிது.

அதன் பின்னரே சவர்க்கார நீர். தட்டையான பஞ்சு, மணலைத் தன் முகத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நீண்ட இழைகளைக் கொண்ட கையுறை மணலை இழைகளுக்குள் உள்வாங்கிக்கொள்ளும். ஆதலால் அதுவே நல்லது. கூரை, கண்ணாடி, பொனட், கதவின் மேற்பகுதி என்ற ஒழுங்கில் மேலிருந்து கீழே வாருங்கள். வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோடாக, கையின் பாரமின்றி இழுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் நீர் வாளியில் அலசிய பின்னரே சவர்க்கார வாளியில் தோய்க்கவேண்டும். அலசும் வாளியின் அடியில் மணல் தங்கியிருப்பதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. இரண்டாவது வாளி இல்லையேல் அந்த மணல் முழுவதும் காரின் மேல் திரும்பிச் சென்றிருக்கும்.

சில்லுகளுக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் வேறு துணி, வேறு நீர். சில்லுகளில் பிரேக்கின் இரும்புத் தூள் நிறைந்திருக்கும். அத்துணி மறந்தும் பொனட்டின் மேல் செல்லலாகாது. வண்டியைச் சேவிஸ் நிலையத்தில் கழுவக் கொடுப்போர், பல வண்டிகளுக்கு ஒரே வாளியும் ஒரே துணியும் பயன்படுகின்றனவா என்று கவனிப்பது நன்று. தம்முடைய கையுறையையும் துவாயையும் கொண்டுசென்று கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உலர்த்துதல்

கழுவுவதில் கவனமாயிருந்த பலர் உலர்த்துவதில் தவறிவிடுகிறார்கள். தானாகக் காயட்டும் என்று விட்டால், நீரில் கரைந்திருந்த உப்புகள் துளி துளியாக வெண்புள்ளிகளாய் எஞ்சிவிடும். கொழும்புக்கு லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி கங்கையிலிருந்தும் வரும் நீர் பெரும்பாலும் மென்னீர், புள்ளி குறைவு. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்று கிணற்று நீரில் காரைக் கழுவுவோர் மிக விழிப்பாயிருக்கவேண்டும். சுண்ணாம்புக் கற்பாறையினூடே ஊறிவரும் அவ்வன்னீர், கறுப்புக் காரின் மேல் காய்ந்தால் சுண்ணாம்பு தெளித்தது போலாகிவிடும். அங்கே முழுவதையும் ஒரேயடியாக நனைக்காமல், பகுதி பகுதியாகக் கழுவி உடனுக்குடன் உலர்த்துங்கள். புதிய புள்ளிகளுக்கு, வினாகிரியுடன் சம அளவு நீர் கலந்து மெல்ல ஒற்றி, உடனே நல்ல நீரால் கழுவிவிடலாம்.

உலர்த்துவதற்கு முன், குழாய் முனையை எடுத்துவிட்டு நீரை மெதுவாகக் கூரையில் வழியவிடுங்கள். நீர் ஒரு படலமாகத் திரண்டு ஓடும்போது துளிகளையும் தன்னோடு அழைத்துச் செல்லும். எஞ்சிய ஈரத்துக்கு, தடித்த நுண்ணிழைத் துவாயை விரித்து வைத்து ஒற்றி எடுங்கள், தேய்த்தல் வேண்டாம். முன்னோர் பயன்படுத்திய பதனிட்ட தோல் நீரை நன்றாக உறிஞ்சும். ஆயினும் ஒரு மணல் அதனடியில் சிக்கினால் உள்வாங்க இடமின்றி நெடுக இழுத்துச் செல்லும். கண்ணாடி விளிம்பிலும் கதவிடுக்கிலும் ஒளிந்திருக்கும் நீர் பிறகு வழியும். அதற்காகத் துவாயின் ஒரு மூலையை உலர்வாக வைத்திருங்கள்.

பூசையும் காகமும்

புதிய கார் வந்ததும் கோயிலுக்குக் கொண்டுசென்று பூசை செய்வித்தல் நம் வழக்கம். வடக்கே போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் செல்வோர் அரிது. பொனட்டில் இடும் திருநீறும் சந்தனமும் குங்குமமும் அன்று முழுவதும் இருக்கலாம், தவறில்லை. ஆனால் மறுநாள் அவற்றைக் காய்ந்த நிலையில் துணியால் துடைத்தெடுத்தல் கூடாது. பித்தளைக் குத்துவிளக்கை மினுக்க நாம் சாம்பலைத்தானே பயன்படுத்துகிறோம்? விளக்கை மினுக்கும் அதே சாம்பல், காரின் பூச்சை அரமாகி அராவிவிடும். நீர் ஊற்றி ஊறவைத்து வழித்துவிடுவதே முறை.

கொழும்புக் காகங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவற்றின் எச்சத்தை மட்டும் ஞாயிறுவரை வைத்திருக்கக் கூடாது. வெயிலில் சூடேறி இளகிய பூச்சின் மேல் அது கிடந்து காய்ந்தால், அவ்விடம் அரிக்கப்பட்டு நிரந்தர வடுவாகிவிடும். ஈரத்துணி ஒன்றை அதன் மேல் சில நிமிடம் போட்டு, ஊறியபின் மேலே தூக்கி எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே விழுந்த கீறல்கள்

கடிதம் எழுதிய அன்பர் மனம் தளரவேண்டியதில்லை. அவர் சொல்லும் கீறல்களை, தேர்ந்தவரிடம் மெருகேற்றுவித்துப் பெரும்பாலும் போக்கிவிடலாம். ஆனால் மெருகேற்றுதல் என்பது கீறலின் ஆழம்வரை தெளிபூச்சைச் சீவியெடுப்பதேயாகும். ஒவ்வொரு தடவையும் பூச்சு மெலிகிறது. ஆதலின் முதலில் கழுவும் முறையைத் திருத்திக்கொண்டு, பழக்கம் படிந்த பின்னர் ஒரு முறை மெருகேற்றுவித்தால் செலவு வீணாகாது. அதன் மேல் மெழுகு பூசுங்கள். கார்னோபா என்னும் மெழுகு, நம் பனைக்கு உறவான பிரேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. அது பூச்சுக்கு வழுக்கலைத் தந்து, அடுத்த கழுவலை எளிதாக்கும்.

இறுதியாக, காரைக் கழுவும் பிள்ளைகளுக்கு ஒரு விதி. கையிலிருக்கும் துணி எப்போதேனும் தரையில் விழுந்தால், எவ்வளவு சுத்தமாகத் தோன்றினாலும், அன்று அது மீண்டும் காரின் மேல் போகக் கூடாது. அதற்கென மாற்றுத் துணியொன்று எப்போதும் மடித்து வைக்கப்பட்டிருக்கட்டும்.