உறைக்குள் சத்தா, உப்பா?

நெல்லியடிச் சந்தையிலே முருங்கையிலையும் வல்லாரையும் வெயிலில் வாடுகின்றன. அருகே கடைத் தட்டிலே காய்கறி சூப் தூள் வண்ண உறைக்குள் வீற்றிருக்கின்றது. “முற்றிலும் தாவர உணவு” என்ற முத்திரையைக் கண்டதும், படித்தவர்களே அதனைச் சத்துணவென நம்பி, நோயாளிக்கும் குழந்தைக்கும் வாங்கிச் செல்கின்றனர்.

தாவர உணவு வேறு, சத்துணவு வேறு. உறையின் பின்புறத்தைப் படியுங்கள்! எடை மிகுந்த பொருளை முதலில் எழுதுவது முறை. பல தூள்களிலே மாவும் உப்பும் சீனியும் முன்னிற்பதுண்டு; காய்கறியின் பங்கு குறைவுதான். உலர்த்துகையில் விற்றமின் ‘சி’ பெரிதும் அழிகின்றது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டுமென்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஒரு கோப்பை சூப்பிலேயே ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருப்பதுண்டு!

நமது இலைக்கஞ்சியும் தாவர உணவன்றோ? அரிசி, தேங்காய்ப்பால், முசுட்டை, முல்லை, முருங்கை: அனைத்தும் நம் மண்ணின் விளைவு. 100 கிராம் பச்சை முருங்கையிலையிலே ஏறத்தாழ 9 கிராம் புரதம் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உண்டு. உப்பின் அளவோ நம் கையில்.

அவசரத்துக்குத் தூள் உதவலாம், அன்றாட உணவாகலாமா? வடமராட்சிக் கமக்காரர் வியர்வை சிந்தி விளைத்ததை வாடவிட்டு, உப்புத் தூளுக்குக் காசு கொடுப்பது அறிவுடைமையா? உறையைத் திருப்பிப் பாருங்கள்; பின்பு சந்தைப் பக்கம் திரும்புங்கள்!