86 வயதில் ஏந்திய தட்டு

1950-ம் ஆண்டின் தொடக்கம். வாஷிங்டன் நகரின் தாம்ப்சன் உணவகத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார் மேரி சர்ச் டெரல். வயது 86. கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதை எதிர்பார்த்துத்தானே போயிருந்தார்!

அடிமைகளாக இருந்தவர்களின் மகள் டெரல். ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1896-ல் கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கத்துக்கு முதல் தலைவரானவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வெள்ளை மாளிகை வாசலிலும் நின்றிருக்கிறார். 1920-ல் அந்த உரிமை வந்தது. அதன் பிறகும் தலைநகரின் பல உணவகங்களில் அவரால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

இத்தனைக்கும், நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் பரிமாற வேண்டும் என்று 1872, 1873-லேயே அங்கே சட்டம் போட்டிருந்தார்கள். யாரும் அதை ரத்து செய்யவில்லை. பிற்காலச் சட்டத் தொகுப்பில் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி, உணவகத்தின் மீது வழக்குப் போட வைத்தார்கள் டெரலும் நண்பர்களும்.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. டெரல் வீட்டில் உட்காரவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மற்ற கடைகளின் வாசலில் மறியல் செய்தார்.

1953 ஜூன் 8. பழைய சட்டம் இன்னும் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். சில நாட்களில் அதே உணவகத்துக்குப் போய் மறுபடியும் தட்டை எடுத்தார் டெரல். இந்த முறை பரிமாறினார்கள். அப்போது அவருக்கு வயது 89.