முகிலுக்கும் நிலையம் வேண்டும்

வீடு கட்டப் புகுவோர் அத்திவாரம் வெட்டுமுன் நிலையம் எடுப்பது நம் நாட்டு வழக்கு. கிணறு எத்திசை, அடுக்களை எத்திசை, வாயில் எத்திசை என்பன முன்னரே வரையறுக்கப்படும். ஓலை வேய்ந்த வீடுகளில் வாழ்ந்த முன்னோர் அடுக்களையைப் பெருவீட்டினின்றும் பிரித்து வேறாக அமைத்தனர். அடுப்புத் தீ பரவினும் பெருவீடு பிழைக்கும் அன்றோ! இவ்வெளிய அறிவைக் கணினியுலகம் இன்று பேரிழப்புக்களின் வாயிலாக மீளக் கற்று வருகின்றது.

அரசாங்கப் பதிவுகளும் வங்கிக் கணக்குகளும் ‘முகிலில்’ உள்ளன என்கின்றோம். அச்சொல் மயக்கந் தருவது. உண்மையில் அவை ஏதோ ஒரு கட்டடத்தினுள், இரும்பு இறாக்கைகளில் அடுக்கிய சேவையகங்களிலே உறைகின்றன. அவற்றுக்கு மின் வேண்டும். மின் செல்ல வடம் வேண்டும். மின் தடைப்படும் கணத்திலே தாங்குதற்கு மின்கலங்கள் வேண்டும். இவை எவ்வெவ்விடத்து அமைதல் வேண்டும் என்னும் திட்டமே தரவு நிலையத்தின் உயிர்நாடியாம்.

பிரான்சு தேசத்து ஸ்திராஸ்பூர்க் நகரில் 2021 மார்ச் 10ஆம் நாள் ஐந்து மாடித் தரவு நிலையமொன்று எரிந்தழிந்தது. மின் முழுவதையும் ஒருங்கே துண்டிக்கும் ஆளி அங்கே இருந்திலது எனவும், கட்டடத்தில் மரத் தட்டுக்கள் இருந்தன எனவும் தீயணைப்புப் படையினர் பின்னர் எடுத்துக் காட்டினர்.

தென் கொரியாவின் டேஜோன் நகரில் 2025 செப்டெம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் சிந்திக்கத்தக்கது. அரசாங்கத் தரவு நிலையத்தின் ஐந்தாம் மாடியிலே சேவையகங்களுக்கு அணித்தாக இலித்தியம் அயன் மின்கலங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை நிலவறைக்கு மாற்றும் வேலை நடைபெறுகையிலேயே தீ மூண்டது. 600இற்கு மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றன. அரச ஊழியரின் கோப்புக்கள் 858 டெராபைட் அளவின அழிந்தன. அவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருந்திலது. அடுப்பை வேறாக்க வேண்டும் என்பதை அவர்கள் அறியாரல்லர். வீடு குடிபுகுந்த பின்னரே அதனைச் செய்ய முற்பட்டனர்.

நல்ல திட்டத்தின் இலக்கணம் அரிதன்று. ஒவ்வோர் இறாக்கைக்கும் இருவேறு வழிகளால் மின் வருதல் வேண்டும். ஒவ்வொரு வழியும் தன் வலுவிற் பாதிக்கு மேற் சுமவாதிருப்பின், ஒன்று வீழ்ந்தவிடத்து மற்றது முழுச்சுமையையும் தாங்கும். மின்வடமும் தரவுவடமும் வெவ்வேறு தடங்களிற் செல்லுதல் வேண்டும். இறாக்கைகள் முகத்தோடு முகம் நோக்கி நிற்பின் குளிர்காற்று முன்புறத்தும் வெங்காற்று பின்புறத்தும் தம்முட் கலவாது ஓடும். பளுவான கருவிகள் கீழ்த்தட்டில் இருத்தல் வேண்டும். வடத்தின் இரு முனையிலும் பெயர் பொறித்தல் வேண்டும். மின்கலங்கள் தீயைத் தடுக்கும் சுவருடைய வேறறையில் அமைதல் வேண்டும்.

இவற்றுக்குச் செலவு மிகும் என்பாருளர். மெய்யே. ஆயின், வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றும் செலவையும், மின் ஓடும் கட்டடத்திலே அதனை மாற்றும் செலவையும் அவர் ஒப்பிட்டு நோக்குவாராக.

கணினிக் கல்வியை நாடும் மாணவர் பலர் நிரல் எழுதுவதையே உயர்ந்ததெனவும், வடம் இழுப்பதைக் கூலிவேலையெனவும் எண்ணுகின்றனர். இஃது தவறு. நிரலிற் பிழை நேரின் திருத்தலாம். எரிந்த இறாக்கையில் திருத்துதற்கு எதுவும் எஞ்சாது.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். கல்விக்கூடங்களுக்குக் கணினிகளை உவந்தளிக்கும் அன்பர் பலர். பெயர்ப்பலகை கணினிக்கே உண்டு; சுவரினுள் மறையும் வடத்துக்கும் புவித்தொடுப்புக்கும் இல்லை. ஆதலின் அவற்றுக்கு ஈவாரும் அரியர். பத்துக் கணினிகள் உள்ள அறைக்கும் பெருநிலையத்துக்கும் விதி ஒன்றே. இனிக் கணினி வழங்க எண்ணுவோர் முதற்கண் தகுதிவாய்ந்த மின்னியலாளர் ஒருவரை அவ்வறைக்கு அனுப்பி, அவர் வரைந்து தரும் திட்டத்தின் செலவையும் தம் கொடையிற் சேர்ப்பாராக.