மெரூன் என்றால் எந்த மெரூன்?



கலியாணக் கார்ட், கேக் பெட்டிக்கு ஒட்டும் லேபல், அபாயாக் கடைக்கு ஒரு விளம்பரம் என்று வீட்டிலிருந்தபடியே கணனியில் செய்துகொடுத்து நாலு காசு உழைக்கும் பெண்கள் இன்று நம் ஊர்களில் பலர் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் ஒரு தங்கை இருக்கிறாள். சென்ற மாதம் அவள் என்னிடம் வந்து, “ராத்தா, 300 கார்ட் அடிச்சி முடிஞ்ச பிறகு வேணாம் எண்டு சொல்லிட்டாங்க” என்றாள். அழாத குறை.

நடந்தது இதுதான். மணமகளின் உம்மா, “மெரூன் கலர்ல வேணும்” என்று சொன்னார். இவளும் இணையத்தில் கிடைத்த ஒரு நிறப்பட்டியலில் மெரூன் என்றிருந்ததைப் போட்டு, வட்ஸ்அப்பில் அனுப்பினாள். “நல்லாயிருக்கு” என்று பதில் வந்தது. அச்சடித்த கார்ட்டைக் கொண்டுபோய் மணமகளின் உடுப்புக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான், “இது மெரூனா? ரோஸ் அல்லவா?” என்றார்களாம். கடதாசிக் காசும் அச்சுக் காசும் இவள் தலையில்.

யாருடைய பிழை? அவளுடைய கோப்பைத் திறந்து பார்த்தேன். எனக்கென்னவோ இரண்டு பேரிலும் பிழை இல்லை, மெரூன் என்ற சொல்லில்தான் பிழை என்று பட்டது. கணனிக்காரர்களுக்கே இந்தச் சொல்லில் இணக்கம் இல்லை. யுனிக்ஸ் கணனிகளோடு வந்த எக்ஸ்11 என்ற பழைய நிறப்பட்டியலில் மெரூன் என்பது ரோஸ் கலந்த ஒரு சிவப்பு. இணையப் பக்கங்களுக்கான பட்டியலில் அதே பெயர் கறுத்த சிவப்பைக் குறிக்கும். தங்கைக்குக் கிடைத்தது முதலாவது. மணமகளின் உம்மா நினைத்தது இரண்டாவது.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். # அடையாளமும் அதன் பின் ஆறு இடங்களும் கொண்ட அந்தக் குறியீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதை இரண்டிரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டும் சிவப்பு, நடு இரண்டும் பச்சை, கடைசி இரண்டும் நீலம். கறிக்குத் தூள் போடுவதுபோல, எது எவ்வளவு என்று சொல்லும் அளவுதான் அது.

அளக்கும் முறைதான் கொஞ்சம் புதிது. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். இது பதினாறு பதினாறாக எண்ணும். நம் பெரியவர்களுக்கு இது புதிதே அல்ல. ஓர் இறாத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ் என்று அவர்கள் நிறுத்தார்களே, அந்தக் கணக்குத்தான். இடப்பக்கம் இருப்பது இறாத்தல், வலப்பக்கம் இருப்பது அவுன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 என்றால் 8 இறாத்தல், அதாவது 128 அவுன்ஸ். ஒன்பதுக்கு மேல் ஓரிடத்தில் எழுத இலக்கம் இல்லாததால் பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி என்று தொடங்கிப் பதினைந்துக்கு எஃப் வரை ஆங்கில எழுத்தைப் போடுகிறார்கள். ஆகக் கூடியது இரண்டு எஃப்: 15 இறாத்தல் 15 அவுன்ஸ், 255. ஆகக் குறைந்தது 00.

இப்போது #800000 என்பதை வாசியுங்கள். சிவப்பு முழு அளவில் பாதி, பச்சை இல்லை, நீலம் இல்லை. அதுதான் கறுத்த மெரூன். தங்கையின் கோப்பில் இருந்ததோ பி0, 30, 60. சிவப்பு 176, பச்சை 48, நீலம் 96. அந்த 96தான் ரோஸைக் கொண்டுவந்தது.

ஆறும் பூச்சியமானால் கறுப்பு, ஆறும் எஃப் ஆனால் வெள்ளை. மூன்று சோடியும் ஒரே அளவாக இருந்தால் சாம்பல். #808080 நடுத்தரச் சாம்பல். முழுச் சிவப்பும் முழுப் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் வரும். சாயம் கலந்து பழகிய கைக்கு இது நம்பமுடியாததுதான். ஆனால் திரையில் கலப்பது சாயமல்ல, வெளிச்சம். இப்படி ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்களை எழுதலாம்.

போட்டோஷொப்பில் கருவிப்பட்டியின் கீழுள்ள நிறச் சதுரத்தை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதன் கீழ்ப்பக்கம் # அடையாளத்தோடு ஒரு சிறு கட்டம் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும், பலர் கைத்தொலைபேசியில் பாவிக்கும் கன்வாவிலும் இதே குறியீட்டைத் தட்டலாம். ஒரு கவனம்: பூச்சியத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டிவிடாதீர்கள். அந்தப் பதினாறில் ஓ கிடையாது.

வாடிக்கையாளர் ரிப்பன் துண்டொன்றின் படத்தை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்றால், சொட்டுக்குழாய் போன்ற கருவியை அதன்மேல் வைத்து அழுத்துங்கள், குறியீடு வந்துவிடும். ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த படமானால் ரிப்பனோடு பல்பின் நிறமும் சேர்ந்துதான் வரும். பகல் நேரத்தில் யன்னலோரம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கருவி ஒரு புள்ளியை மட்டும் எடுக்காமல், சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியை எடுக்கும்படி வைப்பதும் நல்லது. துணியில் ஒரு நூல் மினுங்கும், பக்கத்து நூல் இருண்டிருக்கும்.

குறியீடு சரியாக இருந்தும் அச்சில் மாறுவது உண்டு. அச்சகத்தில் வெளிச்சம் இல்லை, மைதான்: நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள். திரையில் பளிச்சிடும் பச்சை (00, எஃப்எஃப், 00) அந்த மைகளில் வரவே வராது, மங்கிவிடும். கடும் நீலம் ஊதாப் பக்கம் சாயும். மினுங்கும் அட்டையிலும் மினுங்காத அட்டையிலும் ஒரே மை வேறு வேறாகத் தெரியும். ஆகவே அடிக்கப்போகும் அதே அட்டையில் ஒரேயொரு மாதிரி எடுத்து, அதைக் கையில் கொடுத்துச் சம்மதம் கேளுங்கள். கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்லும் “நல்லாயிருக்கு” செல்லாது. இரவில் கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுவைத்திருப்பவர் எந்த நிறத்தைப் பார்த்தார் என்று யாருக்குத் தெரியும்?

தங்கை இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர் பெயர், ஆறு இலக்கக் குறியீடு, அட்டை வகை, பக்கத்தில் மாதிரியின் ஒரு துண்டு. மாதிரியின் பின்புறம் வாடிக்கையாளரின் கையொப்பம். முதல் பக்கத்தில் அந்த 300 கார்ட்டில் ஒன்றை ஒட்டி, கீழே #800000 என்று எழுதியிருக்கிறாள்.