தண்ணீர்க் கணக்கைச் சபையில் சொல்லுங்கள்

சிறுபோகக் கூட்டம் முடிந்து வரும் கமக்காரரிடம் "என்ன தீர்மானம்?" என்று கேட்டால், "அது முன்னமே முடிஞ்ச விசயம், சுவாமி. எங்களைக் கை தூக்கத்தான் கூப்பிட்டவை" என்ற பதிலைப் பல கிராமங்களில் நாம் கேட்டிருக்கிறோம். தீர்மானம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அது எப்படி வந்தது என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

எமது மக்கள் வார்த்தையால் அடிபட்டவர்கள். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டவர்களுள் பலர் சில நாட்களில் திரும்பலாம் என்று நம்பியே வீட்டைப் பூட்டினர். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் வந்தவர்களுக்கும் நாட்கணக்கே சொல்லப்பட்டது. அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். இப்படிப்பட்டவர்களுக்குத் தலைமை தாங்க வருபவர், தம்மீது இயல்பாகவே நம்பிக்கை இருக்குமென்று எதிர்பார்க்கக் கூடாது.

நாமும் இதில் தவறியிருக்கிறோம். மீளக்குடியமர்ந்த கிராமமொன்றில், காலபோகத்துக்கு ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் தருவதாகச் சொன்னோம். பாதிதான் வரும் என்பது பத்து நாட்களுக்கு முன்னரே எமக்குத் தெரிந்துவிட்டது. மிகுதியை எப்படியும் பெற்றுவிடலாம், வீணாக ஏன் மக்களைக் கலங்க வைப்பான் என்று மௌனமாயிருந்தோம். லொறி வந்த அன்று கணவனை இழந்த ஒரு தாய் எம்மிடம் சொன்னார்: "குறையும் எண்டு தெரிஞ்ச அண்டைக்கே சொல்லியிருந்தா, நான் ஒரு ஏக்கரைத்தானே உழுதிருப்பன்." அவர் காப்பை அடைவு வைத்து உழவு இயந்திரத்துக்குக் கூலி கொடுத்திருந்தார். எமது நல்லெண்ணம் அவருக்கு ஓர் ஏக்கர் உழவுகூலி நட்டம். அவர் கோபப்பட்டிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை, அடுத்த கூட்டத்துக்கு வரவுமில்லை.

குளத்து நீர் விடயத்தில் இது இன்னும் பாரதூரமானது. காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில் குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துத்தான் விதைப்பு. உதாரணமாக, ஒரு குளத்தின் கீழ் 600 ஏக்கர் வயல் உண்டு, நீரோ 200 ஏக்கருக்கே போதும் என்றால், 3 ஏக்கர் உள்ளவருக்கு 1 ஏக்கர் பங்கு கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் பொறியியலாளர் "இத்தனை ஏக்கர் அடி" என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார், தலைவரும் தலையாட்டுவார். ஓர் ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் என்று எழுந்து சொன்னால், முன்வரிசையில் இருப்பவர் மட்டுமன்றிப் பின்னால் இருக்கும் பெண்களும் கணக்குப் பார்ப்பார்கள். எத்தனையோ குடும்பங்களில் இன்று வயலுக்குப் பொறுப்பு அவர்களே.

காணிக்காரர் கூடித் தீர்மானிக்கும் இந்த ஒழுங்கு 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளது. வட்ட விதானைமாரின் காலம் 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு முடிந்துபோனது. (சில தலைவர்களின் நடையில் மட்டும் விதானையார் இன்னும் உயிரோடிருக்கிறார்!) இன்றைய கமக்காரர் அமைப்புகளுக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இடமளிக்கிறது. சட்டம் கூட்டத்தைக் கூட்டித்தரும், நம்பிக்கையைத் தராது.

எல்லாவற்றையும் வெளியில் சொன்னால் சண்டை வரும் என்று அனுபவமுள்ள தலைவர்கள் எம்மிடம் சொல்வதுண்டு. வரும்தான். சபையில் வரும் சண்டையைச் செயலாளர் கூட்டக் குறிப்பில் எழுதலாம். நள்ளிரவில் துருசடியில் மண்வெட்டியோடு வரும் சண்டையை யார் எழுதுவது? நாம் கண்ட ஒரு சங்கத்தில், குளத்தின் அடிக்கணக்கை வாரந்தோறும் சங்கக் கட்டடச் சுவரில் சோக்கால் எழுதினார்கள். செயலாளர் தீர்மானங்களை அன்றே, கலைவதற்கு முன், உரத்து வாசித்தார். தெரியாத கேள்விக்குத் தலைவர் "தெரியாது, வெள்ளிக்கிழமை கேட்டுச் சொல்கிறேன்" என்றார். வெள்ளிக்கிழமை சொல்லவும் செய்தார். அங்கும் முணுமுணுப்பு இல்லாமலில்லை. ஆனால் கூட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள்.

இன்னொரு விடயம் எம்மை உறுத்துகிறது. ஊருக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வீடுகளில் இருக்கும் காணிக்காரரின் பங்கு என்னாகிறது? பல இடங்களில் அது பேச்சின்றி இன்னொருவரின் விதைப்பில் சேர்ந்துவிடுகிறது. குத்தகை வந்ததா, யாரிடம் போனது என்பதும் ஊர்வாய்க் கதையாகவே அவர்களுக்கு எட்டுகிறது. அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னராவது, திகதியையும் குளத்தின் நீர்மட்டத்தையும் குறித்து அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் போகட்டும். வர இயலாதவர், தமது பங்கை யார் விதைக்கலாம் என்று எழுதி அனுப்பட்டும். அதைத் தலைவர் சபையில் வாசிக்கட்டும். தபால் செலவைச் சங்கப் பணத்திலிருந்தே எடுக்கலாம்.